கொடைக்கானல் மண்ணும் செல்லாயி வீட்டுக் குப்பையும்

இரும்புக் கம்பியை மூட்டைக்குள் குத்தி உருவிய சுங்கச் சாவடிக்காரர், கம்பியின் நுனியை மோந்து பார்த்தார். சாராயம் மணக்கும் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. மணத்தது வேறு. மழை ஓய்ந்த மறுநாள் காட்டுக்குள் போனால் வருமே, காளானும் மக்கிய இலையும் சேர்ந்த ஒரு வாடை, அது.

"என்னம்மா சரக்கு?" என்றார்.

மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த நான், "மண்ணு" என்றேன்.

"மண்ணுன்னா?"

"மண்ணுதாண்ணே. ஒங்க காலுக்குக் கீழ கெடக்குல்ல, அது."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு மூட்டையைக் குத்தினார். அதிலும் மண். மூன்றாவது மூட்டையின் வாயை அவிழ்க்கச் சொல்லிக் கையை விட்டு அள்ளினார். கன்னங்கரேலென்று, பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நின்று, விட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குள் வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் மருந்து மண் என்றார். இன்னொருவர் உள்ளே புதையல் இருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார்.

"எங்கேருந்து வாரீக?"

"கொடைக்கானல்."

"அம்புட்டுத் தூரத்துல இருந்து மண்ணா? மதுரப் பக்கம் மண்ணுக்குப் பஞ்சமா தாயி?"

"நல்ல மண்ணுக்குப் பஞ்சந்தாண்ணே" என்றேன்.

சாவடிக்காரர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வண்டியைப் போகச் சொன்னார். என் கணவர் இத்தனை நேரமும் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தல்லாகுளம் தாண்டி, கலெக்டர் கச்சேரிக் கட்டடங்கள் எல்லாம் பின்னால் போன பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இந்தத் தொடரில் போன வாரம் நாங்கள் மலையை விட்டு உருளைக்கிழங்கு லாரியில் இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் எங்கள் மண் மூட்டைகளும் மதுரை மார்க்கெட்டில் இறங்கின. அங்கிருந்து வண்டி பிடித்து, வைகையைக் கடந்து, அழகர்கோவில் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்திய ஒரு மாசி மாதம்.

பேரி மரத்தடியில்

என் கணவர் பெயர் சோலைமலை. அந்தக் காலத்தில் இந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. யாராவது கேட்டால் அழகர்மலைப் பக்கம் கையைக் காட்டுவேன், புரிந்துகொள்வார்கள். இப்போது எழுத்தில்தானே, திட்ட அவரும் இல்லை.

கல்யாணமான புதிதிலேயே என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே ஒரு பேரிக்காய்த் தோட்டத்தில் அவர் மேஸ்திரி. மார்கழியில் புல்லின் மேல் உப்புத் தூவின மாதிரி உறைபனி கிடக்கும். அடுப்படியை விட்டு நகர மனம் வராது. மேலூர்ப் பக்கத்து வெயிலில் பிறந்தவளுக்கு அது என்ன தலைவிதி என்று முதல் வருஷம் முழுக்க அழுதேன்.

அந்தத் தோட்டத்தில் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் மரம் இருந்தால் அதன் நிழலில் பயிர் வராது என்று கிளையை வெட்டுவார்கள், மீறினால் மரத்தையே வெட்டுவார்கள். அங்கேயோ பேரி மரங்களுக்கு நடுவில் பூண்டு இருந்தது, பீன்ஸ் இருந்தது, கிழங்கு இருந்தது. குளிர் வந்தால் மரம் இலையை எல்லாம் கொட்டிவிடும். கொட்டிய இலையை யாரும் தொட மாட்டார்கள். அதன் மேலேயே அடுத்த வருஷத்து இலை விழும்.

மலைக்குப் போன மறுநாள் காலையில் நான் துடைப்பத்தோடு கிளம்பினேன். வீட்டைச் சுற்றி அம்புட்டு இலை கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பெண் பிள்ளை இருக்கிற வீடா இது?

சோலைமலை துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார். "அது மண்ணோட சோறு. தட்டுல இருந்து எடுக்காத" என்றார்.

"சோறாம்ல" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஆனால் அந்த மண்ணில் நடந்தால் கால் கணுக்கால் வரைக்கும் அமுங்கும். ஈரம் குறையவே குறையாது. போட்ட விதை எதுவும் ஏமாற்றியதில்லை. நாளாக ஆக எனக்கே அந்தக் கறுப்பின் மேல் ஆசை வந்துவிட்டது.

மேட்டு வயல்

அந்த மண்ணை விட்டு இறங்க வைத்தது இரண்டு காரணம். ஒன்று, அவருடைய நெஞ்சு. மலைக் குளிர் இனி ஆகாது என்று ஆஸ்பத்திரியில் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது, தண்ணீர் முறை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர்க் கண்மாயில் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் பாய வேண்டும் என்று முறை உண்டு. மூன்று வருஷம் ஒருவன் வயல் விளையாமல் கிடந்தால் அவனுடைய முறை போய்விடும், அடுத்த வயல்காரனுக்குச் சேரும். இது ஊர்க் கட்டுப்பாடு. எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும்.

பாகம் பிரித்தபோது மலையில் இருந்த எங்களுக்கு மேட்டு வயலை ஒதுக்கியிருந்தார்கள். செவ்வல் மண்ணும் சரளையும். வெயிலில் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கிக்கொண்டு கீழ் வயலுக்குப் போய்விடும். அந்தக் கீழ் வயல் என் கொழுந்தன் வெள்ளையனுடையது. எங்கள் வயல் அதற்குள் இரண்டு வருஷம் தரிசாகக் கிடந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் போனால் எங்கள் முறையும் அவனுக்குத்தான்.

வெள்ளையன் கெட்டவன் இல்லை. அவன் வீட்டில் சின்னஞ்சிறுசுகள் இருந்தன, தண்ணீர் வந்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அவன் பெண்டாட்டி செல்லாயிதான் வாய்க்காரி. நானும் வாய்க்காரிதான் என்பதை இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போக வழியே இல்லை.

எங்களுக்கு வேறு சொத்து கிடையாது. முறை போனால் அந்த வயல் வெறும் கட்டாந்தரை. அப்புறம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போக வேண்டியதுதான், அதுவும் இருமுகிற நெஞ்சை வைத்துக்கொண்டு. இதனால்தான் சோலைமலைக்கு அந்த யோசனை வந்தது. மலை மண்ணைக் கொண்டுபோய் மேட்டு வயலில் போடுவது. தோட்டத்து முதலாளி சிரித்துவிட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள் என்றார்.

வெயில் தின்றது

ஊரே வேடிக்கை பார்க்க, மூட்டைகளை வயலில் வரிசையாகக் கொட்டி நிரவினோம். சிவப்பு வயல் கறுப்பாக மாறிவிட்டது. வரப்பில் நின்று பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு அழகு.

செல்லாயி மூக்கில் விரலை வைத்தாள். "ஏக்கா, ஊரெல்லாம் மலையில இருந்து தேனு கொண்டாருவாக, தெனை கொண்டாருவாக. நீங்க மண்ணக் கொண்டாந்திருக்கீக."

"தெனை வெளைய மண்ணு வேணும்ல புள்ள" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. எங்கள் பக்கத்தில் சித்திரை என்றால் அழகர்தான். மலையிலிருந்து மதுரைக்கு இறங்கும் சாமியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ கூண்டு வண்டிகள் வரும். சாலையோரத்தில் வயல் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த நாட்களில் வேலையே வண்டிகளை விரட்டுவதுதான். சக்கரம் பட்டு நிலம் இறுகும், வைக்கோலும் எச்சில் இலையும் சாணியுமாகப் போட்டுவிட்டுப் போவார்கள் என்று தடியோடு நிற்பார்கள்.

எங்கள் வயல் மூலையில் ஒரு பெரிய புங்க மரம் இருந்தது. அதன் நிழலைப் பார்த்துச் சில வண்டிகள் உள்ளே இறங்கிவிட்டன. கீழ் வயலிலிருந்து செல்லாயி போட்ட கூச்சலில் மாடே மிரண்டது. என்னை யாராவது ஒன்றைச் செய்யாதே என்று கத்தினால், அதைச் செய்யாமல் எனக்குத் தூக்கம் வராது. "இருங்கண்ணே, நல்லா இருந்துட்டுப் போங்க, இது எங்க வயலு" என்று வண்டிக்காரர்களிடம் சொன்னேன். அவர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டி, பொங்கித் தின்று, படுத்து எழுந்து போனார்கள். போட்டதைப் போட்டபடி விட்டுப் போனார்கள். நானும் வீம்புக்கு அதை அள்ளவில்லை.

ஆடியில் மழை விழுந்ததும் ஏர் பூட்டினோம். சோலைமலை உழ, நான் பின்னால் கட்டி தட்டிக்கொண்டு போனேன். முதல் சாலில் சிவப்பு மண் புரண்டது. ஆழமாக உழுதுவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த சாலிலும் சிவப்பு. குனிந்து கையால் கிளறினேன். கறுப்பைக் காணவில்லை.

அத்தனை மூட்டை மண்ணும் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை. வெள்ளமும் வரவில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி என்று மூன்று மாத வெயில், அவ்வளவுதான். மேலே நுண்ணிய தூசி மட்டும் கிடந்தது. அதுவும் காற்றோடு போகத் தயாராக இருந்தது.

அவர் ஏரை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. வீட்டில் இழவு விழுந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க. மிச்சத்தையும் உழுதுருவோம்" என்றேன்.

"எதுக்கு?"

"ஏர் பூட்டியாச்சுல்ல."

எழுந்தார். புங்க மரத்தின் பக்கம் கொழு திரும்பியபோது மாடு சிரமமில்லாமல் நடந்தது. பார்த்தால் கறுப்பு மண் புரள்கிறது. புரண்ட மண்ணில் மண்புழு நெளிகிறது. மலையில் பார்த்த அதே கறுப்பு, அதே வாடை.

"மரத்தடி ஈரம்" என்றார் அவர்.

"மரம் போன வருசமும் இங்கனதான நின்னுச்சு? மண்ணக் கொட்டும்போது இந்த எடம் செவப்பாத்தான் கெடந்துச்சு. நான் பாத்தேன்."

"அப்ப நாம கொட்டுனது."

"எல்லா எடத்துலயுந்தான் கொட்டுனோம்."

நான் உட்கார்ந்து கிளறினேன். பாதி மக்கிய வைக்கோல் வந்தது. சாணி, தையல் இலை, புங்க இலை எல்லாம் ஒன்றாக ஒட்டி ஒரு போர்வை மாதிரி மண்ணை மூடியிருந்தது. வண்டிக்காரர்கள் விட்டுப்போன அதே குப்பை. வெயில் அதைத் தாண்டி உள்ளே போகவில்லை.

இருவரும் அங்கேயே உட்கார்ந்து வாதாடினோம். அவர் யோசித்து யோசித்துப் பேசுவார். "மலையில குளிரு. ஒரு எல மக்க வருசமாகும். இங்க வெயிலு நாலு நாள்ல தின்னுரும் போல."

"அங்கயும் தின்னுதான் ஆகணும். ஆனா வருசா வருசம் எல விழுது. தின்னத் தின்ன எல போட்டுக்கிட்டே இருக்கு மரம். நாம ஒரு நா விருந்து வச்சுட்டு, அப்புறம் பட்டினி போட்டுட்டோம்."

பல வருஷம் கழித்து விவசாயம் படித்த என் பேத்தி இதற்குக் கரிமச் சத்து என்று பெயர் சொன்னாள். பெயர் சொல்லாமலே ஒரு மனிதரோடு குடும்பம் நடத்தியவள் நான், பெயர் தெரியாமல் மண்ணோடு நடத்தினதில் ஆச்சரியம் இல்லை.

குப்பைக்காரி

அந்த வருஷம் போட்ட கேப்பை முழங்கால் உயரத்தில் நின்று காய்ந்தது. புங்க மரத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் கதிர் கண்டது. தை மாதம் ஊர் கூடியபோது செல்லாயி சும்மா இருக்கவில்லை. மூன்று வருஷம் ஆகிவிட்டது என்று எடுத்துக் கொடுத்தாள்.

ஊர்த் தலைவரான அம்பலம் வயதானவர், அவசரப்படாதவர். "தரிசுன்னு சொல்ல முடியாது, வெதச்சிருக்காக. வெளைஞ்சதுன்னும் சொல்ல முடியாது" என்று தாடையைத் தடவினார். "அடுத்த தை வரைக்கும் பாப்போம். கேப்பை கதிர் புடிச்சு வீட்டுக்கு வரணும். வரலேன்னா முறை வெள்ளையனுக்கு."

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். அந்த வயலுக்கு நான் சோறு போடுவேன், யார் சிரித்தாலும் சரி.

இந்த இடத்தில் மதுரை நகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அப்போது டவுனில் எத்தனை அடுப்பு எரிந்ததோ, அத்தனைக்கும் சுற்றுப்பட்டிகளிலிருந்துதான் வரட்டி போயிற்று. எங்கள் பெண்கள் சாணியைச் சுவரில் தட்டி, காயவைத்து, கூடைகூடையாகக் கொண்டுபோய் விற்பார்கள். உதிர்ந்த இலையைக் கூட்டி நெல் அவிக்க எரிப்பார்கள். நிலத்துக்கு என்று போக எதுவும் மிஞ்சாது. வாசலும் களமும் கண்ணாடி மாதிரி இருக்கும். வயல் செத்துக் கிடக்கும்.

நான் வரட்டி தட்டுவதை நிறுத்தினேன். உடைமர முள்ளை வெட்டி வந்து அடுப்பெரித்தேன். கையெல்லாம் கீறல், கண்ணெல்லாம் எரிச்சல். சாணி, இலை, சாம்பல், ஒன்றுவிடாமல் மண் கொண்டுவந்த அதே சாக்குகளில் அடைத்து வயலுக்குப் போயிற்று. ஊரில் எனக்குக் குப்பைக்காரி என்று பெயர் வந்தது. பெயர் வைத்தது யார் என்று சொல்ல வேண்டுமா?

சோலைமலை பூவரசங்கிளையைத் துண்டு துண்டாக வெட்டி, வரப்பெல்லாம் போத்து நட்டார். வயலுக்குள்ளேயே இடைவெளி விட்டு வரிசையாக அகத்தி போட்டார். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். அவர் பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்து இருமிவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு நடப்பார். நான் வாங்கிக்கொள்ளப் போனால் விட மாட்டார்.

வெள்ளையன் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு அண்ணனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணே, வயலுக்குள்ள மரம் வச்சா நெழலடிச்சுப் போகும்ணே. ஊர்ல சிரிக்கிறாக."

"நெழல் வந்தா வெட்டி அடியிலயே போட்டுருவேன்டா. அதுக்குத்தான் வைக்கிறதே" என்றார் அவர்.

அகத்தி கிடுகிடுவென்று வளர்ந்தது. சித்திரை வந்தது.

அந்தச் சித்திரையில் ஊரார் எல்லாம் தடியோடு வரப்பில் நிற்க, நான் மோர்ப் பானையோடு சாலையில் நின்றேன். வருகிற வண்டியை எல்லாம் மறித்தேன்.

"அண்ணே, நெழல் இருக்கு, தண்ணி இருக்கு. மாட்ட அவுத்துக் கட்டுங்க."

மானாமதுரைப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எல்லா ஊரிலும் அவரை விரட்டித்தான் பழக்கம். "எம்புட்டுக் குடுக்கணும் தாயி?"

"காசு வேணாம். கூளத்தையும் எலையையும் கெடந்த எடத்துல போட்டுட்டுப் போங்க, போதும்."

"அதுதான?" என்று அவர் சிரித்த சிரிப்பில் பின்னால் வந்த வண்டிக்காரர்களும் சிரித்தார்கள். எங்கள் வயல் நிறைய வண்டிகள். மொட்டை போட்ட குழந்தைகள் அகத்திக்கு நடுவில் ஓடிப்பிடித்து விளையாடின. அழகர் மலைக்குத் திரும்பும்போது அதே வண்டிகள், கூடவே இன்னும் சில. சாணி பொறுக்கக் கூடையோடு வந்தவர்களிடம் நான் போட்ட சண்டையை இங்கே எழுதினால் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

திருவிழா முடிந்ததும் எல்லாவற்றையும் வயல் முழுக்கப் பரப்பினோம். மேலே அகத்தித் தழையையும் புங்கந்தழையையும் வெட்டிப் போட்டோம். மண்ணில் ஓர் இடம்கூட வெயிலைப் பார்க்கவில்லை.

ஒரு முறைத் தண்ணீர்

ஆடியில் கூளத்தை விலக்கி விலக்கிக் கேப்பை நட்டோம். பயிர் நன்றாக வந்தது. ஐப்பசி மழை பெய்த மாதிரி பாவனை காட்டிவிட்டுப் போய்விட்டது. கார்த்திகையில் கண்மாயில் தரை தெரிய ஆரம்பித்தது. இனி ஆளுக்கு ஒரு முறைதான், அதோடு மடையை அடைத்துவிடுவோம் என்று அம்பலம் சொல்லிவிட்டார். மேட்டு வயல் என்பதால் முதல் முறை எங்களுக்கு.

எங்கள் தண்ணீர் மறுநாள் வர வேண்டும். முந்தின நாள் காலையில் செல்லாயி வரப்பில் வந்து நின்றாள். வழக்கமாக அவள் வருவதற்கு முன் அவள் சத்தம் வரும். அன்று சத்தமில்லை. எங்கள் கேப்பையைப் பார்த்தாள், திரும்பித் தன் வயலைப் பார்த்தாள். கீழ் வயலில் பயிர் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, ஒங்களது இன்னும் பச்சையா நிக்குது" என்றாள்.

"ஆமா."

"எங்களது எங்க முறை வர்ற வரைக்கும் தாங்காதுக்கா. எங்க முறை கடேசி, அதுக்குள்ள கண்மாயும் வத்திரும்." கொஞ்ச நேரம் கால் பெருவிரலால் வரப்பைக் கிளறினாள். "ஒங்க முறைய எங்களுக்கு விட்டுக் குடுப்பீகளா?"

எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்தது என்று மறைக்கப் போவதில்லை. எந்தத் தண்ணீரைப் பிடுங்க ஊர்க்கூட்டத்தில் நின்றாளோ, அதையே கேட்டு என் வரப்பில் நிற்கிறாள். பட்டினத்தார் மாதிரி பற்றற்றுப் பேச எனக்கு வராது. நன்றாகச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். கொடுத்துவிட்டு எங்கள் கதிர் பால் பிடிக்காமல் போனால் தையில் முறை போய்விடும். கொடுக்காவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேப்பைக் கூழ் கிடையாது. சோலைமலையைப் பார்த்தேன். "ஒம்பாடு. குப்பை போட்டவ நீதான" என்று சொல்லிவிட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் வயலுக்குள் இறங்கி, கூளத்தை விலக்கி, மண்ணுக்குள் கையை விட்டேன். மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. சில்லென்று இருந்தது. மலையில் பேரி மரத்தடியில் பூண்டு பிடுங்கும்போது கை சில்லிடுமே, அப்படி. மேலே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே கொடைக்கானல்.

கையை எடுத்துச் சேலையில் துடைத்தேன். "எடுத்துக்க" என்றேன். "ஆனா சும்மா இல்ல."

அவள் முகம் மாறியது. "என்ன வேணும்?"

"ஒன் வீட்டு வாசக் கூட்டுற குப்பை, மாட்டுக் கொட்டாய்க் குப்பை, எல்லாம் எனக்கு வேணும். நீதான் கொண்டாந்து போடணும். கூடையில, தெரு வழியா."

அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். குப்பைக்காரி என்று பெயர் வைத்தவள் ஆயிற்றே. ஆனாலும் மறுநாள் தண்ணீர் அவள் வயலுக்குப் போயிற்று, அதற்கு மறுநாள் காலையில் அவள் கூடையோடு தெருவில் வந்தாள். தலை நிமிர்ந்துதான் வந்தாள். அதற்காகவே அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு மார்கழி முடியும் வரைக்கும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் ஒரு கதிரை நசுக்கிப் பார்ப்பேன். முதலில் வெறும் சக்கை. அப்புறம் பால் வந்தது. கடைசியில் பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைந்தது.

தையில் அம்பலம் வயலுக்கே வந்தார், கூட ஊரும் வந்தது. கதிர்களைப் பார்த்தார், கூளத்தைக் காலால் தள்ளிப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவன் குறுக்கே புகுந்தான். "கடேசித் தண்ணி பாயாமலே வெளைஞ்ச வயலுக்கு முறை எதுக்கு அம்பலம்?"

நான் யோசிக்காத இடத்தில் அடித்துவிட்டான். அப்போது பின்னாலிருந்து வெள்ளையன் முன்னுக்கு வந்தான்.

"அந்தத் தண்ணி எங்க வயல்ல பாஞ்சிருக்கு. மதினி குடுத்தது. முறை அவுகளோடது."

அம்பலம் ஒரு கதிரை ஒடித்து மேல்துண்டில் முடிந்துகொண்டார். முறை எங்களுக்கே நின்றது, பேச்சு அதோடு முடிந்தது.

சாக்கு

அறுவடைக்கு அப்புறமும் செல்லாயி கூடையை நிறுத்தவில்லை. மாசி, பங்குனி வரைக்கும் வந்தாள். பிறகு ஒரு காலை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

சுவரில் ஒரு வரட்டி இல்லை. கொட்டாய் ஓரத்தில் சாணியும் இலையும் குவியலாகக் கிடந்தது. வாசலில் பூவரசம் போத்து ஒரு கட்டு சாய்த்து வைத்திருந்தது. செல்லாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏ புள்ள, குப்பை எங்க?"

"இனிமே தர மாட்டேன்க்கா" என்றாள். "எங்க வயலுக்கு வேணும்."

குனிந்து அந்தக் குவியலைக் கையால் கிளறிப் பார்த்தேன், நல்ல சரக்குதான்.

"சித்திரைக்கு வண்டி வந்தாப் பாதிய எங்க வயலுக்கு அனுப்பி விடுங்க" என்றாள் அவள். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "மலையில இருந்து மண்ணு கொண்டாந்தீகளே, அந்தச் சாக்குல ரெண்டு இருந்தாக் குடுங்கக்கா. அள்ளிப் போட ஒண்ணுமில்ல" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து சாக்குகளை எடுத்து விரித்தேன். மடிப்பில் கொஞ்சம் கறுப்பு மண் இன்னும் ஒட்டியிருந்தது. அதை உதறாமல் அப்படியே மடித்துக் கொண்டுபோய்ச் செல்லாயி கையில் கொடுத்தேன்.